பல் காரை எடுக்கப் போகிறீர்களா? உட்காருவதற்கு முன்னும் பின்னும் தெரிந்திருக்க வேண்டியவை

எங்கள் வீட்டில் பல் மருத்துவரிடம் போவதென்றால் ஒரே அர்த்தம்தான்: பல்லைப் பிடுங்கப் போகிறார்கள். கன்னம் வீங்கி, கிராம்புத் தைலமும் பலிக்காமல் போன பிறகுதான் யாராவது கிளம்புவார்கள். வலி எதுவும் இல்லாதபோதே பல்லைச் சுத்தம் செய்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னபோது அப்பா சிரித்தார். "தினமும் தேய்க்கிறேனே, அப்போ அது என்ன?" என்றார். கூடவே ஊரில் எல்லோரும் சொல்வதையும் சொன்னார்: "கிளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்டா."

சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஸ்கேலிங், அதாவது பல்லில் கல் மாதிரி பிடித்திருக்கும் காரையை எடுக்கும் சுத்தம், செய்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் நாக்கால் கீழ்வரிசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, சந்து விழுந்துடுச்சு. பல்லும் ஆடுது" என்றார். அவர் சொன்ன இரண்டும் நிஜம். ஆனால் பல்லிடைச் சந்துகளையும் ஆட்டத்தையும் மருத்துவரின் கருவி உண்டாக்கவில்லை. அவை பல வருடங்களாக அங்கேயே இருந்தன, காரை மூடி வைத்திருந்தது. இது விளங்கிவிட்டால் மீதியெல்லாம் சுலபம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அங்கே எடுப்பது எதை?

பல் தேய்த்து முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிகின்றன. அதன்மேல் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு குடியேறும். காலையில் எழுந்ததும் பல்லை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக மாவு மாதிரி வருகிறதே, அதுதான். மருத்துவர்கள் பிளேக் என்பார்கள். 1683-ல் ஹாலந்துக்காரர் லேவன்ஹூக் தன் பல்லிலிருந்தே இதைச் சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, குட்டி உயிர்கள் துள்ளி ஓடுகின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். காடி (வினிகர்) ஊற்றிப் பார்த்தபோது மேலாக இருந்தவைதான் செத்தன, உள்ளே இருந்தவை தப்பித்துக்கொண்டன என்றும் கவனித்தார். மவுத்வாஷ் ஊற்றிக் கொப்பளித்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கான பதில் அப்போதே கிடைத்துவிட்டது. இந்தப் படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், கழுவி எடுக்க முடியாது.

தேய்க்காமல் விட்ட இடத்தில் என்ன நடக்கும்? போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கல் மாதிரி பிடித்திருக்குமே, கிட்டத்தட்ட அதே கதைதான். எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அவை பிளேக்குக்குள் இறங்கி ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்கிவிடும். இரண்டு வாரத்துக்குள் அது கல்லாகிவிடும். இதுதான் காரை. அப்புறம் எந்த பிரஷ்ஷாலும் பேஸ்ட்டாலும் அது அசையாது. கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் இது அதிகமாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. எச்சில் சுரப்பிகளின் வாய்கள் சரியாக அந்த இரண்டு இடங்களுக்கு எதிரேதான் திறக்கின்றன.

காரை தானாகப் பெரிய விஷம் ஒன்றும் இல்லை. அதன் சொரசொரப்புதான் பிரச்சினை. அதன்மேல் புதுப் பிளேக் சுலபமாக ஒட்டும், ஈறை உரசிக்கொண்டே இருக்கும். ஈறு சிவக்கும், வீங்கும், தேய்த்தால் ரத்தம் வரும். இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதை டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரின் குழு 1965-ல் வெளியிட்ட சோதனை காட்டியது. ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் சரியானது. அதாவது இந்தக் கட்டம் வரை திரும்பி வரலாம்.

அடுத்த கட்டத்திலிருந்து திரும்ப முடியாது. வீக்கம் வருடக்கணக்கில் நீடித்தால், சிலருக்கு ஈறுக்குக் கீழே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையத் தொடங்கும். இதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று நடந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில். அதே லோவும் அவருடைய குழுவினரும் 1970-ல் தொடங்கி 15 வருடம் 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பல் மருத்துவமே எட்டாத, பிரஷ் பழக்கம் இல்லாத உழைப்பாளிகள் அவர்கள். எல்லோருக்குமே காரை, எல்லோருக்குமே ஈறு வீக்கம். ஆனால் 8 சதவீதம் பேருக்கு எலும்பு வேகமாக அழிந்தது, 81 சதவீதம் பேருக்கு மெல்ல மெல்ல, 11 சதவீதம் பேருக்கு அநேகமாக ஒன்றுமே ஆகவில்லை. அந்தத் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) இருந்தவர்களுக்கு அந்த 15 வருடத்தில் ஒரு பிரஷ்ஷாவது கொடுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி எனக்கு உண்டு. அது வேறு கட்டுரை. நமக்கு இங்கே வேண்டிய செய்தி, ஒரே அழுக்குக்கு எல்லோருடைய உடம்பும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்பது. "எங்க தாத்தா ஒரு நாளும் டாக்டர்கிட்ட போனதில்லை, தொண்ணூறு வயசுல கரும்பு கடிச்சார்" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய தாத்தா அந்த 11 சதவீதத்தில் ஒருவர். நாம் எந்தக் கூட்டம் என்று நமக்குத் தெரியாது.

இப்போது அப்பாவின் பல்லுக்கு வருவோம். அவருடைய எலும்பு ஏற்கெனவே இறங்கியிருந்தது. பல்லுக்குப் பல் பாலம் போட்ட மாதிரி காரை இறுகி நின்று அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் தெரிந்தது, சந்து தெரிந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் உள்ளே எலும்பு இன்னும் கரைந்து, ஒரு நாள் காரையோடு சேர்ந்து பல்லே கையில் வந்திருக்கும். வீக்கம் வற்றிய பிறகு ஆட்டம் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படி 1: கண்ணாடி முன் ஐந்து நிமிடம்

நல்ல வெளிச்சத்தில் நின்று கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைச் சின்னக் கண்ணாடியில் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டு இருந்து, நகத்தால் சுரண்டினால் வராவிட்டால் அது காரை. ஈறின் நிறத்தைப் பாருங்கள். துப்பும்போது சிவப்பு தெரிகிறதா, காலையில் தலையணையில் கறை இருக்கிறதா, வாய் நாற்றத்தைப் பற்றி வீட்டில் யாராவது நாசூக்காகச் சொன்னார்களா, இரண்டு பல்லுக்கு நடுவே சாப்பாடு புதிதாகச் சிக்குகிறதா என்று யோசியுங்கள்.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். உள்ளே நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் வராமல் போகலாம். ரத்தம் வரவில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வரவே கூடாது.

நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். டீ, காபி, வெற்றிலைக் கறை ஸ்கேலிங்கில் போகும். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்தில் வளர்ந்தவர்கள் பலருடைய பல்லில் இருக்கும் பழுப்புக் கோடுகள் போகாது. அவை நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடால், பல் உருவாகும்போதே உள்ளே பதிந்தவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பிரச்சினைக்காகத்தான். சுத்தம் செய்தும் பல் வெள்ளையாகவில்லை என்று மருத்துவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. ஸ்கேலிங் உங்கள் பல்லின் சொந்த நிறத்தைத்தான் திருப்பித் தரும். வெளுக்க வைப்பது தனி வேலை, தனிச் செலவு.

படி 2: யாரிடம், எங்கே

பி.டி.எஸ். படித்த எந்தப் பல் மருத்துவரும் ஸ்கேலிங் செய்யலாம். ஈறு வீங்கிச் சீழ் வடிகிறது, பல் ஆடுகிறது என்றால் ஈறு நோயில் எம்.டி.எஸ். முடித்தவரைப் பார்ப்பது நல்லது, அவரைப் பெரியோடான்டிஸ்ட் என்பார்கள். அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே ஹைஜீனிஸ்ட் என்று தனிப் படிப்பாளிகள் உண்டு. 1906-ல் கனெக்டிகட்டில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் தன் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பயிற்சி கொடுத்ததிலிருந்து அந்தத் தொழில் வளர்ந்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் அப்படியொரு பிரிவு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் மருத்துவரே உட்கார்ந்து செய்வதுதான் வழக்கம்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். சிறு ஊரில் சில நூறு ரூபாயில் முடியும், பெருநகரத்தில் ஆயிரத்தைத் தாண்டும். கையில் பணமில்லை என்றால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில், குறைந்த கட்டணத்தில் செய்வார்கள். நேரம் கூடுதலாகும், ஒரு மாணவி உங்கள் வாய்க்குள் முக்கால் மணி நேரம் தேடுவாள். என் அனுபவத்தில் அது நல்லதுதான், பணம் வாங்கும் அவசரத்தில் விட்டுப்போகும் மூலைகளை அவர்கள் விடுவதில்லை.

எங்கே போனாலும் ஒன்றைக் கூச்சப்படாமல் பாருங்கள்: கருவிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவையா? அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்த கருவி, ஒட்டிய உறைக்குள் இருக்கும். உறையில் நிறம் மாறும் கோடு ஒன்று இருக்கும். அதை உங்கள் கண்முன்னே கிழித்துத் திறக்க வேண்டும், கையுறை புதிதாக இருக்க வேண்டும். திருப்பத்தூர் மாவட்டத்தில் 2022, 2023-ல் மூளையைத் தாக்கும் அரிய பாக்டீரியாத் தொற்று ஒன்று பரவியது. ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். கிருமி நீக்காத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய உப்புநீர்ப் பாட்டில்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் 2025-ல் எழுதினார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "மேடம், அந்தப் பாட்டில் இன்னைக்குத் திறந்ததா?" என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படி 3: உட்காருவதற்கு முன் சொல்ல வேண்டியவை

பல்லுக்குப் போகிறோம், இதயத்தைப் பற்றி எதற்கு என்று நினைத்து மறைப்பவர்கள் அதிகம். ஈறைத் தொட்டால் அங்கிருக்கும் பாக்டீரியா கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். பெரும்பாலானோர் உடம்பு அதைச் சமாளித்துவிடும். செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் குறை உள்ளவர்கள் ஆகியோருக்கு அது ஆபத்து. அவர்களுக்குச் சிகிச்சைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். பேஸ்மேக்கர் இருந்தாலும் சொல்லுங்கள், காரை எடுக்கும் இயந்திரமான ஸ்கேலரில் சில பழைய வகைகளைத் தவிர்ப்பார்கள்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. நாளைக்குப் பல் கிளீனிங், அதனால் இன்றைக்கு ஆஸ்பிரின் வேண்டாம் என்று முடிவு செய்வது, ஈறில் நாலு சொட்டு ரத்தத்துக்குப் பயந்து மாரடைப்பைக் கூப்பிடுவது மாதிரி. இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், மரத்துப்போகும் ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்தவர்கள் எல்லோரும் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகள் செய்துகொள்ளலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். செய்துகொள்ளலாம். ஹார்மோன் மாற்றத்தால் அந்தச் சமயத்தில் ஈறு அதிகமாக வீங்கும், அதனால் அவசியமும் கூட. நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை உட்கார வசதியாக இருக்கும்.

சர்க்கரை நோயாளிகள் காலையில் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ எப்போதும்போல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெறும் வயிற்றோடு போய் நாற்காலியில் மயங்கி விழ வேண்டாம். சர்க்கரைக்கும் ஈறுக்கும் உறவு இரண்டு பக்கமும் ஓடுவது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறில் வீக்கம் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினம். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) சுமார் 0.4 புள்ளி குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்ப்பதற்கு ஓரளவு பக்கத்தில் வரும் எண் அது. அப்பாவைக் கடைசியில் அசைத்ததும் இதுதான்.

படி 4: நாற்காலியில்

முதலில் பார்ப்பார்கள், சுத்தம் செய்ய மாட்டார்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாம். வெற்றிலை பாக்கு, பான் மசாலா போடும் ஊர்களில் இந்த இரண்டு நிமிடம் முழு ஸ்கேலிங்கையும் விட மதிப்பானது என்று நான் சொல்வேன். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள், புகையிலை சேர்ந்தால்தான் கெடுதல் என்று இல்லை. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் முன்போல் அகலமாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றை இந்தப் பார்வையில்தான் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியும். உங்கள் மருத்துவர் இதைச் செய்யாவிட்டால் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி அளப்பார்கள். 1 முதல் 3 வரை இருந்தால் நல்லது. 4 அல்லது அதற்கு மேல் போனால் அங்கே ஈறு பல்லைவிட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். "ரெண்டு, மூணு, ரெண்டு, அஞ்சு" என்று அவர் உதவியாளருக்குச் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் ஈறின் மதிப்பெண் பட்டியல் அது, பெரிய எண் வந்தால் எந்தப் பல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவையானால் எக்ஸ்ரே எடுத்து எலும்பின் மட்டத்தைப் பார்ப்பார்கள்.

அப்புறம்தான் அந்தச் சத்தம். அல்ட்ராசானிக் ஸ்கேலரின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும், அசையும் தூரமோ தலைமுடிப் பருமன் கணக்கில்தான். பலர் அதை டிரில் என்று நினைத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது துளைப்பதில்லை, வெட்டுவதும் இல்லை. அதிர்ந்து காரையை உடைத்து உதிர்க்கிறது. கூடவே தெளிக்கும் தண்ணீர், முனை சூடாகாமல் பார்த்துக்கொண்டு உதிர்ந்ததையும் அடித்துச் செல்லும். எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்ச வாயோரத்தில் ஒரு குழாய் தொங்கும். மூக்கால் மூச்சு விடுங்கள், தொண்டையில் தண்ணீர் இறங்கினால் இடது கையைத் தூக்குங்கள். பேச முடியாத இடத்தில் அதுதான் மொழி, முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது.

எனாமல் தேய்ந்துவிடாதா? நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் எனாமல், காரை அதைவிட மென்மையானது. கருவியைச் சரியாகப் பிடித்தால் போவது காரைதான். ஆனால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிற இடத்தில் மேலுறை எனாமல் கிடையாது, அங்கே கை பதமாக இருக்க வேண்டும். ஈறு நோகாமல் காரையை எடுக்க வேண்டும் என்று சுஸ்ருத சம்ஹிதையிலேயே மருத்துவனுக்குச் சொல்லியிருக்கிறது. அன்றைக்கும் கவலை இதேதான் போலிருக்கிறது.

இயந்திரம் போகாத இடுக்குகளில் கொக்கி மாதிரி கைக்கருவியால் சுரண்டுவார்கள். காரை உடைந்து தெறிப்பது மண்டைக்குள் 'டிக்' என்று கேட்கும், அதைப் பல் உடைகிறது என்று நினைக்க வேண்டாம். எச்சிலில் ரத்தம் கலந்து வரும். வீங்கிய ஈறு என்றால் நன்றாகவே வரும். கடைசியில் ரப்பர்க் கிண்ணத்தில் மணல் மணலான பேஸ்ட் வைத்து மெருகேற்றுவார்கள். சில இடங்களில் நுண்பொடியைத் தண்ணீரோடு பீய்ச்சிக் கறையை எடுப்பார்கள். அந்தப் பொடி சோடா உப்பாக இருந்தால், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் முன்பே தெரிவிக்க வேண்டும்.

மொத்தம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது என்றால், ஒன்று உங்கள் வாய் மிகச் சுத்தமாக இருந்திருக்க வேண்டும், அல்லது முன்வரிசையை மட்டும் பளபளப்பாக்கி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஒரு தடவை அப்படி நடந்தது. ஆறு மாதம் கழித்து வேறொருவரிடம் போனபோது, கடைவாயில் பழைய காரை அப்படியே இருந்தது.

படி 5: ஈறுக்குக் கீழே போக வேண்டியிருந்தால்

பை 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மேலே மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. ஈறுக்குக் கீழே இருக்கும் காரை கறுப்பாக, வேரோடு இறுகப் பிடித்திருக்கும். அந்தப் பக்கத்தை மரத்துப்போகச் செய்து, வேரின் மேல்பரப்பு வரை சுத்தம் செய்வார்கள். டீப் கிளீனிங் என்று சொல்வது இதைத்தான். வாயை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து வெவ்வேறு நாளில் கூப்பிடுவார்கள், பணம் பிடுங்க அலையவிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சில வாரம் கழித்து அதே கம்பியால் மறுபடி அளப்பார்கள். இந்த மறு அளவுக்குப் போகாமல் விடுபவர்கள்தான் அதிகம், சிகிச்சை பலித்ததா என்று தெரிவதோ அன்றைக்குத்தான். பை இன்னும் ஆழமாகவே இருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டி வரலாம்.

மேலே அழுக்கு கொஞ்சமாக இருந்தும், அளக்காமலேயே எல்லோருக்கும் டீப் கிளீனிங் என்று சொல்லும் இடமும் உண்டு. அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 6: முதல் இரண்டு வாரம்

மரத்துப்போன உணர்வு போகும்வரை சாப்பிட வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள். முதல் நாள் தயிர்சாதம், இட்லி மாதிரி மென்மையாகச் சாப்பிடுங்கள், காரக்குழம்பையும் கொதிக்கும் காபியையும் ஒரு நாள் ஒத்திவையுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். சிகரெட், பாக்கு வேண்டாம். அன்று இரவே பல் தேய்க்க வேண்டும், மென்மையான பிரஷ்ஷால். ரத்தம் வருகிறதே என்று தேய்க்காமல் விட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

பல்கூச்சம் வரும். காரை போர்வையாக மூடியிருந்த வேர், இப்போது முதல் தடவையாகக் காற்றையும் குளிர்ந்த தண்ணீரையும் பார்க்கிறது. சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டும் தொடர்ந்து சில வாரம் போட்டால்தான் வேலை செய்யும், இரண்டு நாளில் கைவிட்டுவிடாதீர்கள்.

குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீர் எழுதிக்கொடுத்தால் சொன்ன நாள் வரை மட்டும். அதற்கு மேல் போனால் பல் பழுப்பாகும், நாக்கின் ருசியும் மாறும். பேஸ்ட் போட்டவுடனேயே அதை ஊற்றக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரத்தம் மறுநாளும் நிற்காமல் வழிந்தாலோ, காய்ச்சலும் முக வீக்கமும் வந்தாலோ காத்திருக்காமல் திரும்பிப் போய்விடுங்கள்.

படி 7: வீட்டு வேலை

நாற்காலியில் எடுத்தது பழைய கல். புதுப் பிளேக் அன்று மாலையே வந்துவிடும், அதைக் கல்லாகாமல் தடுப்பது நம் கைதான். பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகையில் சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசைத்து, ஈறிலிருந்து பல் நோக்கி இழுங்கள். இரண்டு நிமிடம், காலையும் இரவும். இரவு முக்கியம், தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும். அழுத்தித் தேய்ப்பதால் பல் சுத்தமாவதில்லை, ஈறுதான் இறங்கும். ஆலங்குச்சி, வேலங்குச்சிக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. நன்றாக மென்று நாராக்கினால் அதுவும் ஒரு பிரஷ்தான். ஆனால் கீழ்வரிசையின் உள்பக்கத்துக்கு அது எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள், காரை அதிகம் பிடிப்பதே அங்கேதான். செங்கல் பொடி, அடுப்புக்கரி வேண்டாம், அவை பல்லையே ராவிவிடும்.

சந்து விழுந்தவர்களுக்கு நூலை விட, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவமாக மருந்துக்கடையில் கிடைக்கும் இடைப்பல் பிரஷ் நல்லது. எந்த அளவு பொருந்தும் என்று மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். அப்பா ஆரம்பத்தில் அதை ஈர்க்குச்சிக்குப் போட்டி என்று கிண்டல் செய்தார்.

படி 8: அடுத்தது எப்போது

ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கும். அதை எல்லோருக்கும் பொருத்த வலுவான ஆதாரம் இல்லை. ஈறு நோய் முற்றாத, ஒழுங்காக மருத்துவரிடம் போய்வரும் பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2018-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. குறித்த இடைவெளியில் வழக்கமாகச் செய்யும் ஸ்கேலிங்கால் இரண்டு, மூன்று வருடத்தில் ஈறு வீக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்டனில் பரிசோதனைக்கான இடைவெளியை ஆளுக்கேற்ப 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை வைக்கச் சொல்கிறார்கள். தேயிலைத் தோட்ட ஆய்வை நினைவு வைத்திருந்தால் இது ஆச்சரியம் தராது.

அதனால் ஒன்றுமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஒழுங்காக மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். நம் ஊரில் நாற்பது வயது வரை ஒரு தடவைகூட வாயைக் காட்டாதவர்களே ஏராளம், அவர்களுடைய கணக்கு வேறு. என் யோசனை இது: வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், காரை இருந்தால் அன்றே எடுத்துவிடட்டும். சர்க்கரை, புகையிலை, ஈறு நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை. பல்லில் கம்பி கட்டியவர்கள், இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைத்தவர்கள் தங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போகட்டும். இம்ப்ளான்ட்டைச் சுற்றிச் சாதாரண இரும்பு முனையைப் பயன்படுத்துவதில்லை என்பதால், இருப்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்கு நான்கு மாதம் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ள அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் சர்க்கரைப் பரிசோதனையையும் அதே நாளில் வைத்துக்கொண்டார். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, பக்கத்து மெஸ்ஸில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குப் பல் நாற்காலி. கீழ்வரிசையில் ஆடிய நாலில் ஒன்று மட்டும் போனது, மற்ற மூன்றும் இன்னும் இருக்கின்றன. அன்றைக்கு இரவு முறுக்கு கேட்பார், நான்தான் நாளைக்கு என்று டப்பாவை எடுத்து வைப்பேன்.